படுகளமும் பட்டியலும்

பாரதப் போர் முடிகிற காலை. திரௌபதியம்மன் கோயிலை ஒட்டிய திடலில் துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். ஊரார் களிமண் குழைத்துச் செய்த உடம்பு. ஆள் ஏறி நடக்கும் அளவுக்கு அகன்ற மார்பு, வண்ணம் தீட்டிய முகம், முறுக்கிய மீசை. தொடைப்பகுதியில் சிவப்புக் குழம்பு ஊற்றிய சட்டி ஒன்றைப் புதைத்து மேலே மண் பூசியிருப்பார்கள். விடிய விடிய ஆடிய கூத்துக்காரர்கள் வேடத்தைக் கலைக்காமல் அப்படியே திடலுக்கு வருகிறார்கள். பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள், மேலே ஏறி நின்று வசனம் பேசுகிறார்கள். கடைசியில் கதாயுதம் தொடையில் இறங்க, சட்டி உடைகிறது. அந்தச் சிவப்பை எடுத்துத் திரௌபதியின் விரிந்த கூந்தலில் தடவி, பூச்சூட்டி முடிகிறார்கள். துரியோதனன் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரி வைக்கிறாள். துடைப்பத்தாலும் முறத்தாலும் அடிவாங்கினால் பீடை கழியும் என்று ஆணும் பெண்ணும் தலையைக் காட்டி நிற்கும் ஊர்களும் உண்டு. கூட்டம் கலையும்போது உருவத்தின் மண்ணைப் பிடிபிடியாக அள்ளிக்கொண்டு போகிறது. சாயங்காலம் தீமிதி.

செஞ்சி, திண்டிவனம், ஆரணி, செய்யாறு, காஞ்சிபுரம் வட்டாரங்களில் கோடையில் இந்தப் படுகளத்தைப் பார்க்காமல் யாரும் வளர்ந்திருக்க முடியாது. இதை ‘அருவப் பண்பாட்டு மரபுரிமை’ என்று எழுதிப் பதிவுசெய்யச் சொன்னால் எதை எழுதுவது? பகலில் நடக்கும் பாரதப் பிரசங்கம் வாய்மொழி மரபு. இரவுக் கூத்து நிகழ்த்துகலை. தீமிதி சடங்கு. மண்ணுருவமும் கூத்துக்காரர்கள் அணியும் மர அணிகளான கட்டைகளும் கைவினை. எந்த நாளில் காப்புக் கட்டுவது, எத்தனை நாள் விரதம், எந்த மரத்துக் கட்டை தணலுக்கு ஆகும் என்பதெல்லாம் இயற்கை பற்றிய அறிவு. யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கை வகுத்த ஐந்து துறைகளையும் ஒரே ஊரின் ஒரே திருவிழா நிரப்பிவிடுகிறது. ஆனாலும் ஐந்து கட்டங்களையும் நிரப்பிய பிறகு, திருவிழாவை நடத்தவைக்கும் காரியம் ஒன்று வெளியே நிற்கும். அது வரி வசூல், முதல் மரியாதை, முறை, உபயம் என்ற கணக்கு. சடங்கை மரபுரிமையாக ஆராய்வதில் இதுவரை நடந்தவற்றைத் திரும்பிப் பார்த்தால், கண்ணுக்கும் காதுக்கும் பிடித்ததைப் பதிவுசெய்வதில் காட்டிய அக்கறையை இந்தக் கணக்கில் காட்டவில்லை என்பது என் எண்ணம். யாருக்கு என்ன உரிமை, யார் மீது என்ன கட்டாயம், யாருக்கு எங்கே தடை என்பதைப் படிக்காமல் ஒரு சடங்கைக் காப்பாற்றப் புறப்படுவது ஆபத்தும்கூட.

முதலில் பட்டியலின் கதை. கட்டடமல்லாததையும் அரசு காக்க வேண்டும் என்ற எண்ணத்தைச் சட்டமாக்கியதில் கிழக்காசியா முந்திக்கொண்டது. ஜப்பான் 1950இலும் தென்கொரியா 1962இலும் பண்பாட்டுச் சொத்துச் சட்டங்களில் கலைஞர்களின் திறனுக்கும் இடம் கொடுத்தன. உலக அளவில் 1972இல் வந்த உலக மரபுச்சின்ன உடன்படிக்கை கோயிலையும் கோட்டையையும் காட்டையும் கணக்கில் எடுத்தது. கோயிலுக்குள் நடப்பதை விட்டுவிட்டது. அடுத்த ஆண்டே பொலிவியா நாட்டார் வழக்காறுகளுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று யுனெஸ்கோவுக்குக் கடிதம் எழுதியது. மொராக்கோவின் மராக்கெஷ் நகரில் கதைசொல்லிகளும் வித்தைக்காரர்களும் கூடும் ஜெமா எல்-ஃப்னா சதுக்கத்தைக் காப்பாற்ற ஸ்பானிய எழுத்தாளர் ஹுவான் கொய்திசோலோ குரல் கொடுத்ததை ஒட்டி 1997இல் அங்கேயே ஒரு கூட்டம் நடந்தது. பிறகு 2001, 2003, 2005 ஆகிய மூன்று சுற்றுகளில் 90 மரபுகள் ‘தலைசிறந்தவை’ என அறிவிக்கப்பட்டன. இந்தியாவிலிருந்து கூடியாட்டம், வேதம் ஓதுதல், ராம்லீலா. 2003 அக்டோபரில் ஏற்கப்பட்ட உடன்படிக்கை 2006 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதற்கு முந்தைய ஆண்டே அதை உறுதிசெய்திருந்தது. 2023இல் குஜராத்தின் கர்பா சேர்ந்தபோது இந்தியாவின் பதிவுகள் 15 ஆயின. முடியேற்று, ரம்மாண், மணிப்பூர் சங்கீர்த்தனம், கும்பமேளா, கொல்கத்தா துர்கா பூஜை எனச் சடங்குகளே அதில் பெரும்பான்மை. தமிழ்நாட்டுக்கே உரிய சடங்கு எதுவும் அந்தப் பதினைந்தில் இல்லை. இதற்காக வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

உடன்படிக்கையின் வரையறையில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. நிபுணர்கள் அல்ல, அந்தந்தச் சமூகங்களும் குழுக்களும் தம்முடையது என்று ஏற்பதே மரபுரிமை என்கிறது அது. தாஜ்மகாலுக்குச் சான்று தர வரலாற்றாசிரியர் வேண்டும். படுகளத்துக்குச் சான்று தர ஊரார் போதும். ஆய்வாளர்களும் சும்மா இருக்கவில்லை. லாராஜேன் ஸ்மித் 2006இல் எழுதிய ‘மரபுரிமையின் பயன்கள்’ என்ற நூலில், எது மரபுரிமை என்று தீர்மானிக்கும் பேச்சே அதிகாரத்தின் பேச்சு என்று வாதிட்டார். பார்பரா கிர்ஷன்பிளாட்-கிம்பிளெட்டின் வாதம் இன்னும் கூர்மையானது: பட்டியலில் ஏறும் கணத்தில் அந்த வழக்கம் பழையபடி இருப்பதில்லை, தன்னைத்தானே காட்சிக்கு வைக்கும் புதிய வழக்கமாகிவிடுகிறது. இருவரும் சொன்னது சரி. ஆனால் ‘சமூகம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஊரும் சேரியும் எப்படி அடங்கும் என்ற நம்மூர்க் கேள்வி அவர்களுடையது அல்ல.

சடங்கு பற்றிய கோட்பாடுகள் மரபுரிமை என்ற எண்ணத்தைவிடப் பழையவை. வான் ஹெனெப் 1909இல் பிறப்பு, பூப்பு, மணம், சாவு ஆகியவற்றின் சடங்குகள் பிரிதல், இடைநிலை, சேர்தல் என்று நகர்வதைக் காட்டினார். துர்க்கைம் 1912இல் சடங்கின் வழியே சமூகம் தன்னைத்தானே வழிபடுகிறது என்ற பொருளில் எழுதினார். விக்டர் டர்னர் 1960களில் அந்த இடைநிலையைப் பிடித்துக்கொண்டு, அங்கே ஏற்றத்தாழ்வு தற்காலிகமாகக் கரைகிறது என்றார். கேத்தரின் பெல் 1992இல், சடங்கைத் தனிப்பொருளாகப் பார்க்காமல் ‘சடங்காக்குதல்’ என்ற செயலாகப் பார்க்கச் சொன்னார். அந்தச் செயலில் அதிகாரம் எப்படி உடம்பில் ஏறுகிறது என்பது அவர் கேள்வி. நம் திருவிழாக்களைப் பார்த்தவர்களுக்கு டர்னரைவிடப் பெல்லே நெருக்கமாகத் தெரிவார். தேர்வடத்தை எல்லாரும் இழுக்கிறார்கள் என்பது உண்மை. யார் முதலில் தொட வேண்டும் என்று அடிதடி நடப்பதும் அதே வடத்தில்தான்.

சடங்கைப் பதிவுசெய்வதற்காகவே நடத்திய பெரிய முயற்சி ஒன்று நம் பக்கத்திலேயே நடந்தது. 1975 ஏப்ரலில் கேரளத்தின் பாஞ்ஞாள் கிராமத்தில் நம்பூதிரிகள் அதிராத்திரம் என்னும் அக்னிசயன வேள்வியைச் செய்தார்கள். பறவை வடிவில் அடுக்கிய செங்கல் மேடை, பன்னிரண்டு நாள். சமஸ்கிருத அறிஞர் ஃப்ரிட்ஸ் ஸ்டால் அதன் பின்னணியில் இருந்தார். வெளிநாட்டு நிறுவனங்களின் பணம் வந்தது. ராபர்ட் கார்ட்னர் படம் எடுத்தார். அதுவே 1976இல் வந்த ‘நெருப்பின் பலிபீடம்’. 1983இல் இரண்டு பெரும் தொகுதிகளாக நூல் வெளியானது. ஆடுகளைப் பலியிடுவதற்கு எதிர்ப்புக் கிளம்பியதால், அவற்றுக்குப் பதில் அரிசிமாவை வாழையிலையில் பொதிந்து வைத்தார்கள். மூவாயிரம் ஆண்டுப் பழமையைப் படமெடுக்கப் போன இடத்தில் அந்தப் பழமையின் மையமான ஒன்றைச் சடங்கு செய்தவர்களே மாற்றிக்கொண்டார்கள். அப்போது நடந்தது உண்மையான வேள்விதானா, கேமராவுக்காக நடந்த வேடிக்கையா என்று அறிஞர்கள் சண்டை போட்டார்கள். ஸ்டாலுடைய முடிவு வேறு திசையில் போனது. சடங்குக்கு அர்த்தம் எதுவும் கிடையாது, விதிகள் மட்டுமே உண்டு என்று 1979இல் ஒரு கட்டுரை எழுதினார். வேதச் சடங்கைப் பொறுத்தவரை அந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கலாம். திரௌபதியம்மன் திருவிழாவின் அர்ச்சுனன் தபசு நாளில் தபசு மரத்தடியில் ஈரப்புடவையோடு படுத்திருக்கும் பிள்ளையில்லாத பெண்ணிடம் போய்ச் சடங்குக்கு அர்த்தமில்லை என்று சொல்ல ஸ்டாலாலும் முடிந்திருக்காது. அர்ச்சுனன் வேடக்காரர் பனைமரத்துக் கம்பத்தின் உச்சியிலிருந்து எறியும் எலுமிச்சம்பழம் தன் மடியில் விழ வேண்டும் என்பது அவள் வேண்டுதல். பாஞ்ஞாளில் 2011இல் மறுபடி அதிராத்திரம் நடந்தபோது பார்வையாளர் கூட்டம் லட்சங்களைத் தொட்டது. பதிவு செய்ததன் விளைவாகச் சடங்கு பெருகியதற்கு அது நல்ல உதாரணம்.

தமிழில் இந்த ஆய்வு வேறு வாசலிலிருந்து தொடங்கியது. நா. வானமாமலை கதைப்பாடல்களையும் வழக்காறுகளையும் சமூக வரலாற்றின் சான்றுகளாக வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் நடத்திய ‘ஆராய்ச்சி’ இதழைச் சுற்றி ஒரு தலைமுறையே உருவானது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை அந்தப் பரம்பரையில் வளர்ந்தது. எனக்கு இன்றும் முன்மாதிரியாகத் தெரிவது தொ. பரமசிவனின் அழகர்கோயில் ஆய்வு. முனைவர் பட்டத்துக்காகச் செய்த அந்த ஆய்வை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் நூலாக வெளியிட்டது. சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்குவதை அவர் வெறும் காட்சியாக எழுதவில்லை. கோயிலுக்கும் கள்ளருக்கும், இடையருக்கும், பள்ளர் பறையருக்கும், வலையருக்கும் தனித்தனியே என்ன உறவு என்று இயல் பிரித்து எழுதினார். திரியெடுத்து ஆடுபவரும் துருத்தியால் நீர் பீய்ச்சுபவரும் எந்தச் சாதியார், எந்தத் திசையிலிருந்து வருகிறார்கள், வீட்டில் என்ன சடங்கு முடித்துவிட்டு வருகிறார்கள் என்று கேட்டு எழுதினார். வர்ணிப்புப் பாடல்களை அச்சடித்த மலிவுப் புத்தகங்களைச் சான்றாக மதித்தார். யுனெஸ்கோ சடங்குகளை ‘மரபுரிமை’ என்று பட்டியலிடத் தொடங்குவதற்கு முன்பே, ஒரு சடங்கில் யார் பங்காளி, யார் கூலி, யார் விருந்தாளி என்று பிரித்துக் காட்டிய நூல் அது. மதுரைத் திருவிழா பற்றி டென்னிஸ் ஹட்சன் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைகள் தொன்மத்தை நன்றாக விளக்குகின்றன. ஆனால் மண்டகப்படிக்காரர்களின் உலகம் தொ.ப.விடம்தான் கிடைக்கிறது.

திரௌபதி வழிபாட்டுக்கு வருவோம். ஆல்ஃப் ஹில்டெபெய்டல் 1988இலும் 1991இலும் வெளியிட்ட இரண்டு தொகுதிகள் இந்தத் துறையின் பெரும்பணி. செஞ்சியை அடுத்த மேலச்சேரியை மையமாக வைத்து, நூற்றுக்கணக்கான கோயில்களின் விழாக்களை இணைத்துப் பார்த்தவர் அவர். அம்மனின் காவல்தெய்வமான போத்துராஜா யார், திரௌபதியின் கூந்தல் ஏன் விரிந்தது என்பதையெல்லாம் சமஸ்கிருத பாரதத்தோடும் வில்லிபாரதத்தோடும் ஒப்பிட்டார். ரிச்சர்ட் ஃப்ராஸ்கா 1990இல் தெருக்கூத்தின் அரங்கையும் இசையையும் எழுதினார். ஹன்னே டி புருயின் 1999 நூலில் நான் தேடும் கணக்குப் பக்கம் வந்தார். கூத்து ஆடுவது ஒரு காலத்தில் ஊரோடு கட்டப்பட்ட பரம்பரை உரிமையும் கடமையுமாக இருந்து, பின்பு தொகை பேசி வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளும் தொழிலாக மாறிய கதையை அவர் காட்டினார். அவரும் வாத்தியார் பெ. ராஜகோபாலும் கலைஞர்களைச் சேர்த்து 1990இல் உருவாக்கிய கட்டைக்கூத்துச் சங்கம், காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பள்ளிப் படிப்பையும் கூத்துப் பயிற்சியையும் சேர்த்துத் தரும் குருகுலம் நடத்தியது. அங்கே பெண்பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடினார்கள். ஆண்களே திரௌபதியாக ஆடிவந்த கூத்தில் இது சிறிய மாற்றமில்லை. ‘மரபைக் காப்பது’ என்ற பேரில் நடந்த வேலை மரபை உடைத்தது. இரண்டும் ஒரே வேலைதான் என்று அவர்கள் செய்தே காட்டினார்கள்.

இனி, எந்த நூலகத்திலும் கிடைக்காத ஓர் ஆவணம்: திருவிழா நோட்டீஸ். மஞ்சளோ ரோஸோ நிறத்தில் மெல்லிய தாள். மேலே அம்மன் படம், கீழே நாள் நாளாக நிகழ்ச்சி நிரல். கொடியேற்றம், காப்புக் கட்டுதல், திரௌபதி திருமணம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர், படுகளம், தீமிதி, தருமர் பட்டாபிஷேகம். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே ‘உபயம்’ என்று போட்டு இன்னார் வகையறா என்று அச்சிட்டிருப்பார்கள். எந்தக் கூத்துக் கம்பெனி, எந்தப் பிரசங்கியார், பந்தல் யார், ஒலி ஒளி யார் என்பதும் இருக்கும். கடைசியில் ‘இங்ஙனம்’ என்ற சொல்லுக்குக் கீழே நாட்டாமை, தர்மகர்த்தா, ஊர்ப் பொதுமக்கள். ஒரே ஊரின் நோட்டீஸை இருபது முப்பது ஆண்டுக்கு வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த ஊரின் அரசியல் வரலாறு தெரிந்துவிடும். கர்ண மோட்சத்து உபயம் எந்த ஆண்டு நிலக்காரரிடமிருந்து செங்கல்சூளைக்காரரிடம் போனது, துபாய்க்குப் போன பிள்ளைகள் எப்போது உபயதாரர் ஆனார்கள், எந்த வகையறாவின் பெயர் எப்போது காணாமல் போனது என எல்லாம் அதில் இருக்கும். அந்தத் தாளில் இல்லாதவையும் சாட்சிதான். தலைக்கட்டு வரி யாரிடம் வாங்குகிறார்கள், யாரிடம் வாங்க மறுக்கிறார்கள் என்பதைக் கோயில் கணக்கு நோட்டில்தான் பார்க்க முடியும். வரி வாங்கினால் பங்கு தர வேண்டும். பங்கு தரக் கூடாது என்றால் வரி வாங்கக் கூடாது. பல ஊர்த் தகராறுகளின் வேர் அந்த ஒரு விதியில் இருக்கிறது.

சர்வதேசப் பட்டியல் இதை எப்படிக் கையாள்கிறது? விண்ணப்பத்தோடு பத்து புகைப்படமும், ஐந்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் ஒரு படமும் தர வேண்டும். பத்து இரவுக் கூத்துக்குப் பத்து நிமிடம்! 2009இல் சேர்ந்த ரம்மாணைப் பாருங்கள். உத்தராகண்ட் மாநிலம் சலூர்-டுங்ரா கிராமங்களில் பூமியாள் தேவதைக்கு நடக்கும் விழா அது. பிராமணர் பூசை செய்வார், நரசிம்ம முகமூடி அணியும் உரிமை பண்டாரிகளுக்கு மட்டும் என்று பதிவிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சாதிக்கும் ஒவ்வொரு பங்கு என்பதை அழகான ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் பதிவு நகர்ந்துவிடுகிறது. அந்தப் பங்கை ஒருவர் வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்ற கேள்வி அதில் எழவே இல்லை. 2021இல் சேர்ந்த கொல்கத்தா துர்கா பூஜையின் பதிவு வர்க்கம், மதம், இனம் என்ற பிரிவினை அந்த நாட்களில் தகர்கிறது என்று மகிழ்கிறது. பந்தல் பார்க்கும் கூட்டத்தில் தகரலாம்.

தமிழ்நாட்டில் தகராதது தெரிந்த கதை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் உள்ள கோயிலும் தருமராஜா திரௌபதியம்மன் கோயில்தான். 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 2025 ஏப்ரலில்தான் எல்லாரும் வழிபடக் கதவு திறந்தது. அந்த இடைவெளியில் யாராவது மேல்பாதித் திருவிழாவை மரபுரிமைப் பதிவேட்டில் எழுத வந்திருந்தால் ‘சம்பந்தப்பட்ட சமூகத்தின் ஒப்புதல்’ என்ற கட்டத்தில் யாரிடம் கையெழுத்து வாங்கியிருப்பார்கள்?

பறையின் வரலாறு இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கும். சாவு வீட்டிலும் கோயில் கொடையிலும் பறையடிப்பது ஒரு சாதியின் மீது சுமத்திய ஊழியம். அடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக ஊர்விலக்கம் நடந்திருக்கிறது. அப்படி மறுப்பதையே தலித் இயக்கங்கள் போராட்ட வடிவமாக்கின. அதே பறையைத் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் மேடையில் கௌரவத்தோடு அடித்தார்கள். இன்று கல்லூரி விழாக்களிலும் வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்களிலும் பறைப் பயிற்சி நடக்கிறது. இங்கே பாதுகாக்க வேண்டியது எது? சாவுக்கு அடிக்கும் சடங்கையா, அதிலிருந்து மீட்ட கலையையா? சடங்கோடு சேர்த்தே காக்க வேண்டும் என்று எழுதும் மரபுரிமை அறிஞர், எழுதும்போது யாருடைய முதுகில் சுமையை ஏற்றுகிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு நேர் எதிரான கதை தேவதாசிகளுடையது. கும்பாரத்தி எடுப்பது முதலான கோயில் சடங்குகளில் அவர்களுக்கு இருந்த இடத்தை சஸ்கியா கெர்சன்பூம் 1987இல் விரிவாக எழுதினார். 1947 சட்டம் பொட்டுக் கட்டுவதை ஒழித்தது, ஒழித்தது சரியே. ஆனால் அவர்களின் ஆட்டம் சபாக்களில் பரதநாட்டியமாகப் புகழ்பெற்றபோது அந்தக் குடும்பங்கள் அந்த மேடைக்கு வெளியே நின்றதை தாவேஷ் சொனேஜியின் 2012 நூல் காட்டுகிறது. கலை தப்பித்தது, கலைக்கு உரியவர்கள் தப்பிக்கவில்லை.

மனித உரிமைக்கு ஒவ்வாதது மரபுரிமை ஆகாது என்று உடன்படிக்கையிலேயே விதி இருக்கிறது. அது வெற்று வாசகமில்லை. பெல்ஜியத்தின் ஆல்ஸ்ட் நகரத் திருவிழாவில் யூதர்களை இழிவுபடுத்தும் உருவங்கள் தொடர்ந்து வந்ததால் 2019இல் அதைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். 2022இல் அதே நாட்டின் ஆத் நகர ஊர்வலமும் வெளியேறியது; முகத்தில் கரி பூசிச் சங்கிலி கட்டிய ‘காட்டுமிராண்டி’ வேடம் காரணம். நம் நாட்டில் இந்த வேலையை நீதிமன்றமும் சட்டமன்றமும் செய்கின்றன. கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003இல் தமிழக அரசு திடீரெனக் கையில் எடுத்தது. சிறுதெய்வக் கோயில்களின் மக்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டு சட்டமே ரத்தானது. ஜல்லிக்கட்டை 2014இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்தது. 2017இல் மெரினாவில் திரண்ட கூட்டமும் அதைத் தொடர்ந்து வந்த மாநிலச் சட்டமும் நாம் பார்த்தவை. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஜல்லிக்கட்டு தமிழ்ப் பண்பாட்டு மரபின் பகுதி என்ற சட்டமன்றத்தின் முடிவில் தலையிட மறுத்தது. இந்த வழக்குகள் எதிலும் தொழுவத்தில் முதல் காளை யாருடையது, யார் மாடு பிடிக்கலாம், யார் பிடித்தால் சண்டை வரும் என்ற ஆய்வு மேசைக்கு வரவில்லை. விலங்கின் துன்பமும் தமிழ்ப் பெருமையும் பேசின; ஊர்க் கணக்கு பேசவில்லை.

மாற்றத்தைப் பற்றியும் கொஞ்சம். கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்வதை இன்று நாடே திருநங்கையர் விழாவாக அறிகிறது. வேண்டுதலுக்காகச் சுற்றுப்பட்டு ஆண்களும் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே உண்டு. ஹில்டெபெய்டல் அதையும் எழுதியிருக்கிறார். படமெடுக்க வருபவர்கள் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்புவதில்லை. சிங்கப்பூரில் சௌத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலின் தீமிதி தீபாவளிக்கு முன்பு, ஐப்பசியில் நடக்கிறது. சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலிலிருந்து இரவெல்லாம் நடந்து வருகிறார்கள், போலீஸ் அனுமதியும் வரிசை எண்ணுமாக. இலங்கையின் கல்முனையை அடுத்த பாண்டிருப்பில் திரௌபதையம்மனுக்குப் பதினெட்டு நாள் சடங்கு. வனவாசம் போய்த் திரும்பித் தீயில் இறங்குகிறார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ரீயூனியன் தீவில் அதே அம்மனைப் பாண்டியாலே என்று கும்பிடுகிறார்கள். தமிழ்நாட்டில் உள்ள வடிவத்திலிருந்து விலகியும் தீமிதி அங்கெல்லாம் பிழைத்திருக்கிறது. எது மையம், எது கூடுதல் என்று செஞ்சியில் உட்கார்ந்து தீர்ப்பெழுத முடியாது.

கேமராவுக்கு இப்போது பஞ்சமில்லை. விடியவிடியக் கூத்தை யூடியூபில் போடும் சேனல்கள் நிறைய. வாத்தியார்களுக்கு ரசிகர் கூட்டமே இருக்கிறது. சாமியாடுபவரின் முகத்துக்கு நேரே செல்போன் நீட்டுவது சரியா என்று ஊர்களே விவாதிக்கத் தொடங்கிவிட்டன. படத்தில் கிடைக்காததைத்தான் ஆய்வாளர் தேட வேண்டும். மண்ணுருவம் செய்தவருக்கு என்ன கொடுத்தார்கள்? நெல்லா, பணமா, வேட்டியா? தணல் கட்டையை வெட்டித் தருவது யாருடைய முறை? பெண்கள் எந்த எல்லைவரை வரலாம்? எந்த ஆண்டு விழா நின்றது, எதனால் நின்றது, யார் சமாதானம் பேசினார்கள்? இவற்றுக்குப் பதில் எழுதிவிட்டு, கூடவே ராகமும் அடவும் பதிவுசெய்யட்டும். பட்டியலுக்கு மனுப் போடுவதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

வட மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகளிலும் வரலாற்றுத் துறைகளிலும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் படிக்கிறார்கள். பலர் இந்தக் கோயில் உள்ள ஊர்களிலிருந்து வருகிறவர்கள். அவரவர் ஊர் திரௌபதியம்மன் கோயிலின் பழைய நோட்டீஸ்களையும் வரி நோட்டுகளையும் தேடி, ஊர்ப் பெரியவர்களின் சம்மதத்தோடு செல்போனில் படம் பிடித்துக் கல்லூரி நூலகத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வரி கொடுக்க அனுமதிக்கப்படாத தெருவிலும் போய்க் கேட்டு எழுதச் சொல்லுங்கள். தர்மகர்த்தா வீட்டுப் பரணில் இருக்கும் அந்தத் தாள்களைப் பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். அடுத்த பொங்கலுக்குள் செய்தால் நல்லது.